பூர்வீகம் என்ற கட்டத்தில் என்ன எழுதுவது

என் செல்ல மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் தம்பியும் இங்கே உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். என் முழங்கால் மட்டும் மூன்றாவது மாடிப் படியில் தினமும் ஒரு தடவை தன்னை ஞாபகப்படுத்துகிறது. ஊரிலுள்ள லிஃப்ட்டை எல்லாம் ரிப்பேர் பார்க்கிற மனுஷன் குடியிருக்கிற கட்டடத்தில் லிஃப்ட் இல்லை என்று அக்கம்பக்கத்தில் கேலி பேசுகிறார்கள், அப்பா அதற்கும் சேர்ந்து சிரிக்கிறார். நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் அங்கே குறையில்லாமல் இருக்கிறீர்கள் என்ற நம்பிக்கையில்தான் எழுத உட்கார்ந்தேன். குட்டிக்குச் சளி விட்டதா, ஜன்னல் பக்கம் படுக்கப் போடாதே, பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் சாக்ஸைக் கழற்றிக் காலைத் துடைத்துவிடு. ஞாயிற்றுக்கிழமை நீ போனில் ஒன்று கேட்டாய். குட்டியின் பள்ளிக்கூடத்தில் குடும்ப வரிசை வரைந்து கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள், ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு பெயர், கடைசியில் பூர்வீகம் என்று ஒரு கட்டம், அப்பாவைப் பெற்ற தாத்தாவின் பெயரை எப்படி எழுதுவது, அவர் எந்த ஊர் என்று கேட்டாய். லைன் சரியில்லை, ஒன்றும் கேட்கவில்லை என்று சொல்லி நான் போனை வைத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது. பக்கத்தில் குட்டி பென்சில் சீவுகிற சத்தம்கூட எனக்குக் கேட்டது. போனில் அரையும் குறையுமாகச் சொல்கிற விஷயம் இல்லை அது, அதோடு சொல்ல வேண்டியவர் நானும் இல்லை. போனை வைத்த கையோடு அப்பாவிடம் போய்ச் சொல்லட்டுமா என்று கேட்டேன். “எழுது, ஒண்ணும் விடாம எழுது” என்றார். கையில் இருக்கிற வேலையை முடித்துவிட்டு, குட்டி தூங்கின பிறகோ எப்போதோ, நிதானமாக உட்கார்ந்து படி.

நீ கேட்ட அந்தத் தாத்தாவின் பெயர் உன் பெரிய மாமா வைத்த பெயர். அப்படி ஒரு ஆள் இருந்ததே இல்லை. சின்ன வயதில் உனக்குச் சொன்னோமே, அப்பாவுடைய அப்பா பெரிய துணி வியாபாரி, மலையடிவாரத்து ஊரில் கடை, மண் சரிந்து ஒரே நாளில் வீடும் கடையும் ஆட்களும் போய்விட்டார்கள் என்று, அந்தக் கடையும் இல்லை, மலையும் இல்லை. உன் அப்பா அநாதைக் குழந்தைகள் இல்லத்தில் வளர்ந்தவர். ஒன்றரை வயதில் ரயில்வே ஸ்டேஷனில் தனியாக இருந்தார் என்பது மட்டும் அவருக்குச் சொல்லப்பட்டது, அதற்கு முன்னால் என்ன என்று அவருக்கும் தெரியாது, யாருக்கும் தெரியாது. பெயர் இல்லத்தில் வைத்தது. பெயருக்கு முன்னால் நிற்கிற எழுத்து அந்த இல்லத்து வார்டனுடையது, அந்த வருஷம் வந்த பதினொரு பையன்களுக்கும் அதே எழுத்துதான். இதைப் படித்ததும் உனக்கு எப்படி இருக்கும் என்று என்னால் நினைத்துப் பார்க்க முடிகிறது. கோபம் வந்தால் என்மேல் காட்டு, எனக்கு அது தகும். அவர்மேல் காட்டாதே. மீதியையும் படித்தால் ஏன் அப்படிச் சொல்கிறேன் என்று உனக்கே தெரியும்.

நான் அச்சகத்தில் புரூஃப் பார்க்கச் சேர்ந்த இரண்டாவது வருஷம், கீழ்த்தளத்திலிருந்து காகிதக் கட்டுகளை மேலே ஏற்றுகிற லிஃப்ட் பாதி வழியில் நின்றுபோனது. அதைச் சரிசெய்ய வந்தவர் உன் அப்பா. மூன்று நாள் வேலை. மூன்றாம் நாள் வேலை முடிந்ததும் என் மேசைக்கு வந்து, தான் யார், எங்கே வளர்ந்தவர் என்று நான் கேட்காமலே சொல்லிவிட்டு, அதற்குப் பிறகுதான் கல்யாணப் பேச்சையே எடுத்தார். முதலில் சொல்ல வேண்டியதை முதலில் சொல்லுகிற ஆள் என்று அன்றைக்கே தெரிந்துகொண்டேன். வீட்டில் உன் பெரிய மாமாதான் குறுக்கே நின்றார். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, தங்கச்சியை யார் வீட்டில் கொடுத்தாய் என்று நாலு பேர் கேட்டால் என்ன சொல்வது என்ற பயம். கடைசியில் என் பிடிவாதத்துக்கு இறங்கி வந்தார், ஆனால் ஒரு நிபந்தனை போட்டார், பூர்வீகம் இல்லாத மாப்பிள்ளையைச் சபையில் உட்கார வைக்க முடியாது, நான் ஒன்று சொல்கிறேன், நீங்கள் இரண்டு பேரும் தலையாட்டினால் போதும் என்று. அந்த எழுத்துக்குப் பொருந்துகிற பெயராகத் தேடி ஒரு தாத்தாவை உண்டாக்கினார், அவருக்கு ஒரு கடையும் ஒரு மாடி வீடும் கொடுத்தார். உனக்குத்தான் மாமாவைத் தெரியுமே, ஒரு கதையைக் கையில் எடுத்தால் சும்மா வைக்கமாட்டார். வருஷத்துக்கு வருஷம் அந்த வீட்டுக்கு ஒரு மாடி ஏறியது. நாலாவது மாடி கட்டின அன்றைக்கு அப்பா என் காதில், இனிமேல் அந்த வீட்டுக்கு ஒரு லிஃப்ட் போட்டுக் கொடுத்துவிட வேண்டியதுதான் என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் யாராவது அந்தப் பேச்சை எடுத்தால் அவர் எழுந்துபோய்க் குழாயைத் திறந்து கைகழுவுவார். முப்பத்து மூன்று வருஷமாக அதைப் பார்த்தும் பார்க்காதது போல் இருந்தவள் நான். உன் கல்யாணப் பத்திரிகை எங்கள் அச்சகத்தில்தான் அச்சானது, புரூஃப் என் மேசைக்குத்தான் வந்தது. ஊரார் பத்திரிகையில் ஒற்றெழுத்து விட்டுப்போனால்கூட விடமாட்டேன், அன்றைக்கு என் மகள் பத்திரிகையில் இல்லாத ஒரு மனிதருக்கு நீ பேத்தி என்று இருந்தது, படித்தேன், சரி என்று கையெழுத்துப் போட்டேன்.

இந்தப் பூர்வீகம் என்ற சொல்லைப் பற்றி நான் நிறைய யோசித்திருக்கிறேன். அச்சகத்துக்கு வருகிற விண்ணப்பம், வரலாற்று மலர், கல்யாணப் பத்திரிகை எல்லாவற்றிலும் அது வந்துவிடும். என் மேசையில் இருக்கிற அகராதியில் அதற்கு மூன்று பொருள் போட்டிருக்கிறது, பழமை, முன்னோர் வழியாக வந்தது, ஆதியில் இருந்த இடம் என்று. பூர்வம் என்றால் முன்பு, அவ்வளவுதான். பூர்வீக வீடு என்கிறோம், பூர்வீகச் சொத்து என்கிறோம், அதெல்லாம் சரி. ஆனால் பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர் சிரித்த முகத்தோடு உங்களுக்குப் பூர்வீகம் எது என்று கேட்கிறபோது அவர் ஊரைக் கேட்கவில்லை, இந்த ஆளை எந்தத் தட்டில் எடுத்துவைப்பது என்று பார்க்கிறார். பதில் சொன்னதும் முகத்தில் ஒன்று இறங்கும் அல்லது ஒன்று ஏறும். அதை நான் எத்தனையோ முறை பார்த்துவிட்டேன். அகராதிக்காரர் அதை எழுதவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். தம்பி வேலை பார்க்கிற மருத்துவமனையில் எக்ஸ்ரே பிரிவில் இருக்கிற அந்தப் பெண்ணைத்தான் அவன் கட்டிக்கொள்ள நினைக்கிறான் என்று உனக்குச் சொன்னேன். பேச்சு நடுவில் நின்றது என்றும் சொன்னேன், ஏன் என்று சொல்லவில்லை. அந்தப் பெண்ணுக்கு ஆறு வயதில் அப்பா தவறிவிட்டார், வளர்த்து ஆளாக்கியது பெரியப்பா. பதிவு அலுவலகத்தில் நாற்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், இப்போதும் எல்லோரும் பதிவாளர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவரும் அவர் மனைவியும் பெண்ணின் அம்மாவும் இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். நம் பக்கம் பேச மாமா வந்திருந்தார். பதிவாளர் நாற்காலி நுனியில் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு, பையிலிருந்து ஒரு நீளக் காகிதத்தை எடுத்து மேசைமேல் விரித்தார். அவர்கள் குடும்ப வரிசை, ஏழு தலைமுறை, ஒவ்வொருவரும் பிறந்த வருஷம், இருந்த ஊர், எல்லாம் முத்து முத்தான கையெழுத்தில். வீட்டில் சட்டம் போட்டு மாட்டியிருப்பதாகவும் இது நகல் என்றும் சொன்னார். கடைசி வரிசையில் அந்தப் பெண்ணின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்தது. பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, உங்கள் பூர்வீகம் எது என்று கேட்டார். மாமா தொண்டையைச் செருமிக்கொண்டு துணிக்கடையைத் திறந்தார். இரண்டு வாக்கியம்தான் போயிருக்கும், அப்பா, “போதும் மச்சான்” என்றார். குரலை உயர்த்தவில்லை. பிறகு பதிவாளர் பக்கம் திரும்பினார்.

“ஐயா, அவர் சொல்றது என்மேல இருக்கிற பிரியத்துல சொல்றது. எனக்குப் பூர்வீகம் எதுன்னு தெரியாது. ஒன்றரை வயசுல ரயில்வே ஸ்டேஷன்ல தனியா இருந்தேனாம். ஒரு இல்லத்துல கொண்டுபோய் விட்டாங்க. பேரு அவங்க வச்சது. அதுக்கு முன்னாடி எதுவும் எனக்குத் தெரியாது. பொண்ணு கொடுக்கிறவங்களுக்கு இது தெரிஞ்சிருக்கணும்.”

அவர் கைகழுவ எழுந்து போகவில்லை. இருந்த இடத்திலேயே, கையை முழங்கால்மேல் வைத்துக்கொண்டு, எதிரில் இருக்கிறவர் முகத்தைப் பார்த்தபடி இருந்தார். எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை வந்தது பார், அதை மறைக்க நான் முந்தானையைச் சரிசெய்துகொண்டேன். மாமா தரையைப் பார்த்தார். பதிவாளர் பேனாவை மூடினார், காகிதத்தைப் பழைய மடிப்பிலேயே மடித்துப் பைக்குள் வைத்தார், யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்துவிட்டார். டீ அப்படியே ஆடை படிந்து கிடந்தது. தம்பிக்கும் அதுவரை எதுவும் தெரியாது, அவனும் உன்னைப் போலத் துணிக்கடைப் பேரன்தான். அவர்களைக் கீழே தெருவரை போய் அனுப்பிவிட்டு மேலே வந்தான். இவன் என்ன சொல்லப் போகிறானோ என்று நான் சமையலறை வாசலில் நின்றேன். அப்பா பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்து, “எங்கிட்டச் சொல்லியிருந்தா நானே முதல்ல சொல்லியிருப்பேன்பா” என்றான். அவ்வளவுதான் சொன்னான். நம் பிள்ளை நல்ல பிள்ளை. மாமாதான் கோபித்துக்கொண்டு செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார், முப்பத்து மூன்று வருஷம் நான் காப்பாற்றினதை இரண்டு நிமிஷத்தில் போட்டு உடைத்துவிட்டார் என்று.

இரண்டு நாள் கழித்து அந்தப் பெண் டியூட்டி முடிந்து, கழுத்தில் தொங்குகிற அட்டையைக்கூடக் கழற்றாமல் நேரே நம் வீட்டுக்கு வந்தாள். சுற்றி வளைக்கத் தெரியாத பெண். பெரியப்பா சம்மதிக்காமல் கல்யாணம் செய்துகொள்ளமாட்டேன், வேறு யாரையும் செய்துகொள்ளவும் மாட்டேன், அதனால் காத்திருக்க வேண்டியிருக்கும், அதைச் சொல்லிவிட்டுப் போகத்தான் வந்தேன் என்றாள். பெரியப்பாவுக்குக் கோபம் இல்லையாம், சரியாகச் சாப்பிடுவதில்லையாம், அந்தக் காகிதத்தை விரித்து வைத்துக்கொண்டு காலிக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாராம். அப்பா அவளை உட்கார வைத்துச் சாப்பிட வைத்துத்தான் அனுப்பினார்.

பத்து நாள் போயிருக்கும். ஒரு சனிக்கிழமை காலை பதிவாளர் தனியாக வந்தார். மூன்று மாடி ஏறி வந்ததில் மூச்சு வாங்கியது, தண்ணீர் குடித்துவிட்டுப் பேச ஐந்து நிமிஷம் ஆனது. மறுப்புச் சொல்ல வந்திருக்கிறார் என்றே நான் நினைத்தேன். அவரோ, தெரியாது என்று விட்ட ஒரு பதிவில் நாற்பது வருஷத்தில் தான் கையெழுத்துப் போட்டதில்லை என்றார். “ஒரு குழந்தையை எடுத்தாங்கன்னா எங்கயாவது எழுதியிருப்பாங்க. எழுதாம எடுக்க முடியாது. இல்லத்துல வளர்ந்தவர் நீங்க, நீங்க கையெழுத்துப் போட்டுக் கேட்டாத்தான் பழைய பதிவேட்டைக் காட்டுவாங்க. போட்டுக் கொடுங்க, நான் தேடுறேன்” என்று தயாராகத் தட்டச்சு செய்து வைத்திருந்த மனுவை நீட்டினார். அப்பா உடனே வாங்கவில்லை, இரண்டு நாள் டைம் கேட்டார். அந்த இரண்டு நாளும் அவர் பட்ட பாட்டை நான்தான் பார்த்தேன். இருபது வயதில் ஒரு முறை அந்த இல்லத்து அலுவலகக் கதவு வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்துவிட்டாராம், அதை என்னிடமே அன்றைக்குத்தான் சொன்னார். ஏன் என்று கேட்டேன். “எடுத்துப் பார்த்து, வேணாம்னு போட்டுட்டுப் போனாங்கன்னு எழுதியிருந்தா?” என்றார். ஐம்பத்தொன்பது வயது மனுஷன், பத்து மாடிக் கட்டடத்தின் உச்சியில் மோட்டார் அறையில் பயமில்லாமல் இரும்புக் கயிற்றைத் தொட்டுப் பார்க்கிறவர், அந்த ஒரு வரிக்கு நாற்பது வருஷம் பயந்திருக்கிறார். மூன்றாம் நாள் காலை வேலைக்குக் கிளம்புகிற வேளையில் மனுவைச் சுவரில் வைத்துக் கையெழுத்துப் போட்டார், பையில் வைத்துக்கொண்டு போகிற வழியில் தானே பதிவாளர் வீட்டில் கொடுத்துவிட்டார். என்ன எழுதியிருந்தாலும் வாசித்துக் காட்டச் சொல்லிவிட்டு வந்தாராம், மறைக்க வேண்டாம் என்று.

அந்த இல்லத்தை மூடி இருபது வருஷம் ஆகிறது, கட்டடத்தில் இப்போது கடைக்குப் போகிற ஃப்ரிட்ஜ்களை அடுக்கி வைத்திருக்கிறார்கள். பதிவேடுகளை மட்டும் மூட்டை கட்டி ஆவணக் காப்பகத்தின் அடித்தளத்தில் போட்டிருந்தார்களாம். பதிவாளர் மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு ஏழு நாள் அங்கே போய் உட்கார்ந்திருக்கிறார். வெள்ளைச் சட்டை காவி நிறமாகி வீட்டுக்கு வருவாராம், அந்தப் பெண் சொன்னாள். எட்டாவது நாள் சாயங்காலம் நம் வீட்டுக்கு வந்தார், மனைவியையும் அந்தப் பெண்ணையும் அவள் அம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்தார். முத்திரை வைத்த நகல் ஒன்று கையில் இருந்தது. உட்காரக்கூட இல்லை, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அலுவலகத்தில் பத்திரம் வாசிக்கிற குரலில் வாசித்தார். ஆண் குழந்தை, வயது சுமார் ஒன்றரை. ரயில் நிலையம், பெண்கள் காத்திருப்பு அறை, காலை ஏழு மணி. உடம்பில் காயம் இல்லை, நன்றாக ஊட்டி வளர்க்கப்பட்ட குழந்தை. நீலச் சட்டை, துவைத்தது, ஒரு பொத்தான் மட்டும் வேறு நிறத்தில் தைத்திருக்கிறது. நகம் வெட்டியிருக்கிறது. தலையை ஈரம் தொட்டு வகிடெடுத்து வாரிவிட்டிருக்கிறது. கடிதமோ வேறு அடையாளமோ இல்லை. பெயர் சொல்லத் தெரியவில்லை. அழவில்லை. யார் பக்கத்தில் வந்தாலும் அக்கா என்கிறது. அந்த இடத்தில் அலுவலகக் குரல் தடுமாறிப்போனது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மீதியை வாசித்தார். குழந்தைக்கு வேறு சொல் எதுவும் தெரியவில்லை. பூர்வீகம், அதற்கு எதிரில் ஒரு கோடு.

பதிவாளர் காகிதத்தை மேசைமேல் வைத்து விரலால் நீவிவிட்டார்.

“எழுதினவர் எல்லாத்தையும் மேலேயே எழுதிட்டு, பூர்வீகம்னு வந்த இடத்துல கோடு போட்டிருக்கார். பூர்வீகம்னா பேரும் ஊரும்தான்னு நினைச்சு, என் வேலையிலயும் இதே தப்பைத்தான் நான் பண்ணியிருக்கேன்” என்றார். “எங்க வீட்டுச் சுவத்துல ஏழு தலைமுறை மாட்டியிருக்கு. பேரு இருக்கு, ஊரு இருக்கு, வருஷம் இருக்கு. அதுல ஒருத்தருக்காவது யாரு தலை சீவிவிட்டாங்கன்னு எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியுது.”

அப்பா அந்த அக்கா என்ற வரியை மட்டும் இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார். பிறகு காகிதத்தைக் கையில் வாங்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் போய் நின்று தானே படித்தார். முதுகு மட்டும்தான் எங்களுக்குத் தெரிந்தது. திரும்பி வந்து பதிவாளர் கையைப் பிடித்துக்கொண்டு, “எனக்கு ஒரு அக்கா இருந்திருக்கா ஐயா” என்றார். அந்தக் குரலை நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை. அந்த அக்காவுக்கு எட்டு வயதா, பத்து வயதா, அவளை எங்கே கொண்டுபோனார்கள், யார் அந்தக் குழந்தையை அங்கே உட்கார வைத்துவிட்டுப் போகச் சொன்னார்கள், ஒன்றும் தெரியாது. தாய் இருந்தாளா இல்லையா, அதுவும் தெரியாது. ஆனால் பொத்தான் தெறித்த சட்டைக்கு வேறு பொத்தான் தேடித் தைத்து, நகம் வெட்டி, வகிடு கோணாமல் வாரி உட்கார வைத்துவிட்டுப் போன கை வேண்டாம் என்று போட்டுவிட்டுப் போன கை இல்லை, அது தெரிகிறது. நான் அச்சகத்துக்கு ஏழு மணிக்கே போய்விடுவேன், பள்ளிக்கூடத்துக்கு உனக்குத் தலை பின்னிவிட்டது அவர்தான், ஞாபகம் இருக்கிறதா. மற்ற பெண்கள் எல்லாம் உன் பின்னலை யார் போட்டது என்று கேட்பார்கள் என்று வந்து சொல்வாய். இவர் யாரிடம் இதைக் கற்றார் என்று நான் அப்போது யோசித்ததே இல்லை. அன்றைக்கு வந்திருந்தவர்கள் எதிரிலேயே எனக்கு அழுகை வந்துவிட்டது, அடக்கவும் இல்லை.

கல்யாணம் உறுதியாகிவிட்டது. அடுத்த மாதத்துக்கு அடுத்த மாதம் இரண்டாவது ஞாயிறு, மண்டபம் பார்த்தாகிவிட்டது. சும்மா சொல்லக்கூடாது, பதிவாளர் அதற்குப் பிறகு வாரத்துக்கு இரண்டு நாள் வந்துவிடுகிறார், அவருக்கும் அப்பாவுக்கும் பேச்சு ஓய்வதில்லை, அந்த வருஷத்தின் ரயில்வே ஸ்டேஷன் பதிவேட்டையும் தேடிப் பார்க்கப் போகிறாராம், கிடைக்காது என்று அவருக்கும் தெரியும், அப்பாவுக்கும் தெரியும், ஆனாலும் பார்க்கட்டும். அப்பா அந்த நகலை வாசித்த மறுநாள் காலையிலேயே வேலைக்குப் போய், கூட வேலை பார்க்கிறவர்களிடம் தானாகவே எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். முப்பத்து மூன்று வருஷம் யார் கேட்டாலும் எழுந்து போனவர், இப்போது கேட்காதவர்களிடமும் சொல்கிறார், நேற்று ஒன்பதாவது மாடியில் இறங்கின யாரோ ஒரு அம்மாவிடம்கூடச் சொன்னாராம். மாமா ஏழு வாரம் எட்டிப் பார்க்கவில்லை. போன செவ்வாய்க்கிழமை வந்தார். வாசலிலேயே நின்றுகொண்டு, “கடையை மூடியாச்சு மாப்பிள்ளை” என்றார். அப்பா, நாலு மாடி வீட்டையாவது விட்டு வைத்திருக்கக்கூடாதா என்று கேட்டார். இரண்டு பேரும் சிரித்தார்கள், மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். அவரையும் நான் குறை சொல்லமாட்டேன், தன் பங்குக்கு ஒரு மனுஷனைக் காப்பாற்றுவதாக நினைத்துச் செய்தார், காப்பாற்ற வேண்டியது எதுவும் இல்லை என்று அவருக்குத் தெரியவில்லை, எனக்குத்தான் தெரிந்திருக்க வேண்டும். தம்பியின் பத்திரிகைப் புரூஃப் முந்தாநாள் என் மேசைக்கு வந்தது. அப்பா பெயர், என் பெயர், எங்கள் மகன் என்று இருந்தது. முதலாளி என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, தாத்தா பெயர் விட்டுப்போய்விட்டதே என்றார். விட்டுப்போகவில்லை, எங்கள் வரிசை இங்கிருந்துதான் தெரிகிறது என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

இனி நீ செய்ய வேண்டியது. மாப்பிள்ளையிடம் இன்றைக்கே சொல்லிவிடு, தள்ளிப்போடாதே, அவர் தங்கமான பிள்ளை, புரிந்துகொள்வார். உன் மாமியாரிடம் நானும் அப்பாவும் நேரில் போய்ச் சொல்லப்போகிறோம், அது நீ சொல்ல வேண்டியது இல்லை, பொய் சொன்னவர்கள் நாங்கள். அவர் வருத்தப்பட்டால் உட்கார்ந்து கேட்டுக்கொண்டு வருவோம். குட்டியின் படத்தில் அந்தப் பழைய பெயரை எழுதாதே, எழுதியிருந்தால் அழித்துவிடு. உன் அப்பாவின் கட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு கட்டம் போட்டு அக்கா என்று எழுதச் சொல், பெயர் வேண்டாம், அந்தச் சொல் போதும். பூர்வீகம் என்ற கட்டத்துக்கு என்ன என்று அப்பாவிடமே கேட்டேன். கொஞ்சம் யோசித்து, “ஒரு அக்கா தலை வாரிவிட்ட பிள்ளைன்னு எழுதச் சொல்லு. அது போதாதுன்னு டீச்சர் சொன்னா, எங்கிட்டப் பேசச் சொல்லு” என்றார். நீ அதைக் குட்டிக்குப் புரிகிற மாதிரி சொல்லு. கோடு மட்டும் போட்டு விடாதே.

நீங்கள் மூன்று பேரும் ஆரோக்கியமும் மன நிறைவுமாக நீண்ட நாள் இருக்க வேண்டும், குட்டி நிறையப் படிக்க வேண்டும், நீ எடுக்கிற காரியம் எல்லாம் நல்லபடி முடிய வேண்டும், அம்மா எப்போதும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். டிக்கெட்டை இந்த வாரமே எடுத்துவிடு, கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்னாலேயே வந்துவிட வேண்டும், முந்தின நாள் வந்து நிற்கிற வேலை வேண்டாம். குட்டிக்கு ஸ்வெட்டர் இங்கே தேவைப்படாது, பெட்டியை அதை வைத்து அடைக்காதே. நீ கேட்ட என் பழைய தையல் மெஷினைத் துடைத்து எண்ணெய் போட்டு வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா

மகளுக்கு அப்பா எழுதுவது. அம்மா எழுதியதை எல்லாம் படித்தேன், எல்லாம் உண்மை. நீ என்ன நினைக்கிறாய் என்று தெரிந்துகொள்ள வேண்டும் போல இருக்கிறது. போனில் சொல்ல வேண்டாம், போனில் நீ என் மனசுக்காக ஏதாவது சொல்லிவிடுவாய். உன் கையால் எழுது. இரண்டு வரி போதும், காத்திருக்கிறேன்.